பழைய கிளட்சும் பல்சக்கரமும்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

வாய்க்காலில் தண்ணீர் வந்து சேற்றுழவு தொடங்கும் வேளையில்தான் டிராக்டரின் கிளட்ச் தன் குறையைக் காட்டும். கோடையில் காலி டிரெய்லரை இழுத்தபோது ஒன்றும் தெரியாது. கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறக்கியதும் எஞ்சின் இரைகிறது, வண்டி நகர மறுக்கிறது, கருகிய நாற்றம் எழுகிறது. நாற்று தயாராக இருக்கிறது, நடவு ஆட்களுக்குச் சொல்லியாயிற்று. அந்த அவசரத்தில் பல உழவர்கள் செய்வது, பக்கத்து நகரத்தின் காயலான் கடைக்கு ஆள் அனுப்பி, கிடைத்த பழைய கிளட்ச் தட்டை வாங்கி வரச் சொல்வதுதான்.

பழைய உதிரிபாகக் கடைக்குப் போவதே தவறு என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே கிடைப்பதெல்லாம் அசல் கம்பெனிச் சாமான், எதை வாங்கினாலும் லாபம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. டிராக்டரின் சக்தி கடத்தும் பகுதிகளில் சில, தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. வேறு சில, பாரத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை. தேய்வதைப் புதிதாக வாங்க வேண்டும். தாங்குவதைச் சோதித்துப் பார்த்துப் பழையதாகவும் வாங்கலாம். இந்த ஒரு விதியை மனத்தில் இருத்தினால் பணமும் பருவமும் வீணாகாமல் காக்கலாம்.

பழைய கடையை நாடுவது ஏன்?

விலை முதல் காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது மட்டும் காரணம் அன்று. நம் ஊர்களில் இருபது, முப்பது ஆண்டு கடந்த டிராக்டர்கள் இன்னும் உழுதுகொண்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றைச் செய்த தொழிற்சாலையே இன்று இல்லை. செக்கோஸ்லோவாகியாவின் செட்டர் தொழில்நுட்பத்துடன் 1971-ல் பிஞ்சோரில் டிராக்டர் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த வண்டியை வைத்திருப்பவர் கியர் பெட்டியின் வார்ப்புக் கூடு உடைந்தால் எங்கே போவார்? உடைத்துப் பிரித்த இன்னொரு வண்டியைத்தான் தேட வேண்டும்.

மற்றொரு காரணம் போலிச் சரக்கு. பெயர் பெற்ற நிறுவனத்தின் அட்டைப்பெட்டியைப் போலவே அச்சிட்ட பெட்டியில், தரமற்ற எஃகில் செய்த பல்சக்கரம் விற்கப்படுகிறது. அத்தகைய புதுச் சக்கரத்தைக் காட்டிலும், பத்தாண்டு ஓடியும் பல் கெடாத அசல் சக்கரம் மேலானது. இந்த இடத்தில் பழைய கடைக்காரர் சொல்வது சரியே.

ஆகவே உழவர் அந்தக் கடைக்குப் போவதைக் குறை கூறுவதால் பயன் இல்லை. அங்கே போய் எதைக் கையில் எடுக்க வேண்டும், எதைத் தொடாமல் வர வேண்டும் என்று சொல்லித் தருவதே பயன்.

சுண்டைக்காய் கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கிளட்ச் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. லாரிக்கு இருப்பதுபோல் பெரும்பாலான டிராக்டர்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவை ஒன்றோடொன்று போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டு, அவையே வண்டியின் உடலாக நிற்கின்றன. எனவே கிளட்ச் தட்டை மாற்ற வேண்டுமானால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். தட்டு நல்லதானாலும் கெட்டதானாலும் பிரிக்கும் கூலி ஒன்றே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலை வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் மாறும். கணக்கு முறையை மட்டும் கவனித்தால் போதும். புதிய தட்டு 4,000 ரூபாய், பழையது 1,500 ரூபாய், பிரித்துப் பூட்டும் கூலி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதிய தட்டு போட்டால் மொத்தச் செலவு 7,000 ரூபாய். பழையது போட்டால் 4,500 ரூபாய். மிச்சம் 2,500 ரூபாய் என்று தோன்றும். அந்தப் பழைய தட்டு ஒரு பருவத்தில் கைவிட்டால், மறுபடி புதிய தட்டும் கூலியுமாக 7,000 ரூபாய் சேர்ந்து செலவு 11,500 ரூபாய் ஆகிறது. முதலிலேயே புதியது போட்டவரைவிட 4,500 ரூபாய் கூடுதல்.

இதில் நின்றுபோன நாட்களின் கணக்கு சேரவில்லை. வாடகைக்கு உழுபவர் மணிக்கு 1,000 ரூபாய் வாங்குவதாகக் கொண்டால், நாளைக்கு 8 மணி வீதம் இரண்டு நாள் நின்றால் 16,000 ரூபாய் வரவு நிற்கும். டீசலும் ஓட்டுநர் கூலியும் போகக் கழித்தாலும் ஒரு புதிய தட்டின் விலையைத் தாண்டும். சொந்த நிலத்தை உழுபவருக்குக் காசு இழப்பு நேரே தெரியாது. நாற்று முற்றிப் போவதில் அது தெரியும்.

இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். டிராக்டர் உதிரிபாகங்கள் பலவற்றின் சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு நேரே காயலான் கடைக்குப் போகாமல், புதியதன் இன்றைய விலையை முதலில் விசாரிப்பது நலம்.

புதிதாகவே வாங்க வேண்டியவை

கிளட்ச் தட்டு இந்தப் பட்டியலில் முதலாவது. அதன் இரு பக்கமும் ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை தேய்ந்து ரிவெட் தலையோடு சமமாகிவிட்டால் தட்டின் ஆயுள் முடிந்தது. பட்டை கனமாகத் தெரிந்தாலும் எண்ணெய் ஊறியிருந்தாலோ, சூட்டில் கண்ணாடி போல் பளபளத்திருந்தாலோ அது பிடிக்காது. பழைய தட்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கியர் பெட்டியின் பேரிங்குகள், ஆயில் சீல்கள், கேஸ்கட்டுகள் ஆகியவற்றையும் பழையதாக வாங்கவே கூடாது. பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் நல்ல கம்பெனியின் புதிய பேரிங் கிடைத்துவிடும். ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளப்பாக்கி விற்பது உண்டு. உள்ளே கிரீஸ் அடைத்து மூடப்பட்ட பேரிங்கைக் கழுவினால் கிரீஸ் கரைந்து போகும். கண்ணுக்குப் புதியது போல் இருக்கும் அது விரைவில் அலறத் தொடங்கும்.

பிரஷர் பிளேட் நடுத்தரம். முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளோ மயிரிழை வெடிப்புகளோ இருந்தால் விட்டுவிட வேண்டும். நீலம் பாய்ந்தது சூடேறியதன் அடையாளம். சூடேறினால் ஸ்பிரிங்கின் விறைப்பும் குறைந்திருக்கும். விரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் புதியதே நல்லது. இதற்கும் வண்டியைப் பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

பழையதாக வாங்கலாம் என்பவை

கியர் பெட்டிக் கூடு, கிளட்ச் கூடு, கியர் மாற்றும் கவைகள், தண்டுகள், பல்சக்கரங்கள், கிரவுன் வீலும் பினியனும் ஆகியவை தாங்கும் பொருள்கள். எண்ணெயில் மூழ்கி, முறையாக ஓட்டப்பட்ட வண்டியில் இருந்தவையானால் இவை நெடுங்காலம் உழைக்கும். புதியதன் விலையும் அதிகம். பழைய கடையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

பல்சக்கரத்தின் பல், மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு. அந்தக் கடினத் தோல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே இருக்கும். அது பெயர்ந்து அம்மைத் தழும்பு போல் குழிகள் விழுந்திருந்தால் சக்கரம் இனி வேகமாகத் தேயும். மேலாக ஏறிய துருவைத் துணியால் துடைத்தால் போய்விடும். அதனால் குற்றம் இல்லை. பல் உராயும் முகத்தில் துரு குழி பறித்திருந்தால் வாங்கக் கூடாது.

உடைந்த பல்லை வெல்டிங் வைத்து வளர்த்து, தேய்த்து உருவாக்கி விற்பதும் நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்கச் சிறு அரம் ஒன்று போதும். பல்லின் ஓரத்தில் அரத்தை மெல்ல இழுத்தால் நல்ல பல்லில் அது வழுக்கிப் போகும். இரும்பைக் கடித்துத் தூள் வந்தால் அந்தப் பல் மென்மையானது. ஒரு சால் ஓட்டுவதற்குள் உடையலாம். ஒரு பல்லின் நிறம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டாலும் ஐயப்பட வேண்டும். வண்ணம் பூசிய பல்சக்கரத்தை வாங்கவே வேண்டாம். எண்ணெயில் கிடக்க வேண்டிய சக்கரத்துக்கு வண்ணம் எதற்கு?

கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்க்கப்படுபவை. இரண்டிலும் ஒரே இணை எண் பொறித்திருக்கும். ஒரு வண்டியின் கிரவுனை இன்னொரு வண்டியின் பினியனோடு சேர்த்தால் இரைச்சல் தொடங்கி உடைவில் முடியும். மற்றப் பல்சக்கரங்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். தேய்ந்த சக்கரத்தோடு ஒரு புதிய சக்கரத்தைக் கோப்பதைவிட, ஒரே வண்டியில் சேர்ந்து ஓடிய நல்ல ஜோடியை அப்படியே எடுப்பது மேல்.

தண்டுகளில் ஸ்ப்லைன் வரிகளை விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். கிளட்ச் தட்டு நகரும் இடத்தில் படி விழுந்திருந்தால் தட்டு சிக்கிக்கொண்டு கிளட்ச் முழுதும் விடாது. தண்டு வளைந்திருக்கிறதா என்பதை லேத் பட்டறையில் இரு முனைகளுக்கு நடுவே சுழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வார்ப்புக் கூட்டின் வெடிப்பு கண்ணுக்கு எளிதில் அகப்படாது. ஐயமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணக் கட்டியைத் தேய்த்துவிட வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பரப்பில் கோடாகக் காட்டும். போல்ட் துளைகளைச் சுற்றியும் பேரிங் உட்காரும் இடங்களிலும் இப்படிப் பார்ப்பது அவசியம். வெல்டிங் வைத்த கூட்டைத் தவிர்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது உடைந்த பழைய பாகத்தை மாதிரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியானாலும் ஆண்டுக்கு ஆண்டு உறுப்புகள் மாறியிருக்கும். பற்களையும் ஸ்ப்லைன் வரிகளையும் எண்ணி, விட்டத்தை அளந்து, பாகத்தின் எண்ணையும் ஒப்பிட வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு பல் வேறுபட்டாலும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.

ரசீது இல்லாத சாமான்

மலிவாகக் கிடைக்கும் முழுக் கியர் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். களவு போன வண்டியை உடைத்து விற்பதும் உண்டு. களவுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எண்ணை அரம் வைத்து அழித்த பாகத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது. ரசீதில் பாகத்தின் பெயர், எண், எந்த வண்டியிலிருந்து எடுத்தது, எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் ஆகியவற்றை எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

முதல் தட்டு ஏன் கெட்டது?

புதியதோ பழையதோ, மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுத் தட்டை மட்டும் மாற்றினால் அடுத்த தட்டும் அதே வழியில் போகும். பெடலில் எப்போதும் கால் வைத்து ஓட்டும் பழக்கம் முதல் எதிரி. பெடலின் வெற்று ஆட்டம் குறைந்துபோனால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுழன்று தட்டும் நழுவும். எத்தனை மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அதன்படி அவ்வப்போது சரி செய்ய வேண்டும். எஞ்சினின் பின் ஆயில் சீல் கசிந்து தட்டில் எண்ணெய் பட்டிருந்தால், சீலை மாற்றாமல் தட்டை மாற்றுவது வீண்.

நெல் வயலில் உழுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல டிராக்டர்களில் கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு வடிகால் துளை உண்டு. சேற்றில் இறங்குமுன் அதை அடைப்பான் கொண்டு மூட வேண்டும். சேற்றுழவு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மூடாமல் இறங்கினால் சேறு உள்ளே ஏறும். கழற்ற மறந்தால் கசியும் எண்ணெய் உள்ளேயே தேங்கும்.

வண்டியைப் பிரிக்கும்போது முன் அச்சின் இரு பக்கமும் மரக்கட்டை ஆப்பு வைத்து, இரு பாதிகளுக்கும் உறுதியான தாங்கு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தால் உயிருக்கே ஆபத்து. பழைய கிளட்ச் பட்டைகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு; அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். கூட்டினுள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை.

மெக்கானிக்கிடம் விட்டுவிட்டால் இவற்றையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடக் கூடாது. நல்ல மெக்கானிக்கும் பருவ நெருக்கடியில் நான்கு வண்டிகளுக்கு நடுவே நிற்பவர்தான். உடையவர் அருகில் நின்று கேட்டால் ஒரு சீல் கூடுதலாக மாறும், ஓர் ஆப்பு கூடுதலாக வைக்கப்படும்.

செய்ய வேண்டியவர்கள் உழவர்கள் மட்டுமல்ல

இத்தனை சோதனையையும் உழவர் ஒருவரே செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது முறையாகாது. வாகனங்களை உடைக்கும் பதிவு பெற்ற கூடங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021-ல் வெளியிட்டது. ஆயுள் முடிந்த வாகனங்கள் குறித்து 2025-ல் வந்த சுற்றுச்சூழல் விதிகளோ வேளாண் டிராக்டருக்குப் பொருந்தா. உழவருக்குச் சுமை கூடாமல் இருக்க விலக்கு அளித்தது சரியே. ஆனால் உடைக்கப்படும் டிராக்டரின் நல்ல பாகங்கள் ஒழுங்காகக் கைமாறுவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டாமா?

அதிகம் வேண்டியதில்லை. பழைய பாகம் விற்பவர் மறுபடி ஓட்டத் தக்கதையும் உருக்குக்குப் போக வேண்டியதையும் தனித்தனியாக வைக்கட்டும். ரசீதும் 15 நாள் திருப்பும் உரிமையும் வழக்கமாகட்டும். இயந்திர வாடகை மையம் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு வெர்னியர் அளவியும் டயல் கேஜும் வாங்கி வைத்து, கொண்டு வரும் பாகத்தை அளந்து சொல்லட்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் டிராக்டர் மெக்கானிக் பிரிவில் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சியும் ஆகும். உற்பத்தியை நிறுத்திய மாதிரிகளுக்கு உதிரிபாகம் செய்ய முடியாத நிறுவனங்கள், அவற்றின் அளவுப் படங்களையாவது கோவை, ராஜ்கோட், லூதியானா போன்ற ஊர்களின் சிறு தொழிற்கூடங்களுக்குத் தரலாம். அப்படிச் செய்தால் ஒரு பல்சக்கரத்துக்காக ஊர் ஊராக அலைய வேண்டியிராது.

அதுவரை உழவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளட்ச் நழுவும் வரை காத்திராமல், அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட ஓய்வு நாட்களில் வண்டியைச் சோதிக்க வேண்டும். கியர் எண்ணெயை வடிக்கும்போது அதில் இரும்புத் துண்டு கிடக்கிறதா, எண்ணெய் பால் போல் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துண்டு கிடந்தால் பல் உடைந்திருக்கிறது. வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது தேடத் தொடங்கினால் நாலு கடை ஏறி இறங்கவும், அரம் வைத்துப் பார்க்கவும், வேண்டாம் என்று திரும்பி வரவும் நேரம் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் கடைக்குப் போகிறவர் விற்பவர் கொடுத்ததைத்தான் வாங்கி வருவார்.